ஆறு பெட்டி, ஒரு பெட்டிக்குள்ளே

மார்ச் 4, திங்கள்

கீழே விழுந்த பேனாவை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளில் ஒரு மஞ்சள் லேபிள். அதில் "தற்காலிகம்" என்று எழுதியிருக்கிறது.

லேபிள் அண்ணன் கைவேலை. இந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஓடும் ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஸ்கேன் அறை, மருந்துக் கவுண்டர், தலைமை டாக்டர் என்று எல்லாக் கேபிளுக்கும் ஒரு பெயர் உண்டு. எனக்கு மட்டும் இது.

கேட்டே விட்டேன். "உங்களுக்கு மூணு மாசம்னுதானேம்மா பேச்சு. மார்ச் முடியட்டும், இருக்கீங்களான்னு பார்த்துட்டு மாத்திக்கலாம்னு..." என்று இழுத்தார். பொய் சொல்லத் தெரியாதவர். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒன்பது வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவளை மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். இன்னும் நாலு வாரம். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஆறு அறைகளில் முனகிக்கொண்டிருக்கும் ஆறு பழைய கம்ப்யூட்டர்களையும் ஒரே பெரிய சர்வருக்குள் கொண்டுவர வேண்டும். அதை வைத்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தம்பி மேலே எழுதுவான்.

தம்பி என்றால் என் மேலதிகாரி. பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆபீசில் எனக்குக் கீழே சேர்ந்தவன். இப்போது மீட்டிங்கில் நான் அவனை "சார்" என்கிறேன், அவன் என்னை "மேடம்" என்கிறான். இரண்டு பேரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை. சிரித்துவிடுவோம்.

மார்ச் 5, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் கேட்டார், அதென்ன ஒரு பெட்டிக்குள் ஆறு என்று. வெளியே பார்த்தால் ஒரே மெஷின்தான். உள்ளே ஆறு மெஷின்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தனக்கு மட்டும்தான் இந்தப் பெட்டி என்று நம்பிக்கொண்டு வேலை செய்யும் என்றேன்.

"அப்போ நம்ம வீடுதான். மூணு பேரும் தனித்தனியா நான்தான் இதை நடத்தறேன்னு நம்பிட்டிருக்கோம்ல" என்றார்.

மகள் பதினோராம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நம்பிட்டிருக்கறது நீங்க ரெண்டு பேர். நடத்தறது நான்" என்றாள். வாய்! யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமலா இருக்கிறது.

மார்ச் 6, புதன்

மானம் போனது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

உள்ளே இருக்கும் ஆறு மெஷின்களும் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கோடு பேச இரண்டு வழி உண்டு. எல்லாம் சர்வரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதன் முகவரியிலேயே பேசலாம். அது எங்களுக்கு ஒத்துவராது. கவுண்டர்காரர்கள் தங்கள் மெஷினை நேராகக் கூப்பிட வேண்டும். அதனால் இரண்டாவது வழி: சர்வருக்குள் பிரிட்ஜ் என்று ஒரு பாலம் போட்டு, ஆறும் தனித்தனி முகவரியோடு நேராக வெளியே வரச் செய்வது.

என் மேஜையில் உட்கார்ந்தபடியே, நெட்வொர்க் வழியாகச் சர்வருக்குள் போய், அதன் நெட்வொர்க் கார்டைப் பிரிட்ஜிடம் ஒப்படைத்தேன். சர்வரின் சொந்த முகவரியையும் கூடவே மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்! தட்டிய கட்டளைகளில் ஒரு வரி முந்திவிட்டது. அந்த நிமிஷமே திரை உறைந்தது. நான் எந்த வழியாக உள்ளே போனேனோ அந்த வழியையே மூடிவிட்டேன்.

மூன்றாம் மாடிக்கு ஓடி, குளிர்சாதனம் உறுமும் அறையில் நடுங்கிக்கொண்டே சர்வர் முன்னால் நின்று சரிசெய்தேன். பின்னால் தம்பி வந்து அவன் ஸ்வெட்டரை நீட்டினான். "உக்காந்திருக்கிற நாற்காலியை நீயே இழுக்காதேன்னு ஒருத்தங்க என்னைத் திட்டினாங்க. பத்து வருஷம் ஆச்சு, இன்னும் காதுல கேக்குது."

"யார் அந்தப் புண்ணியவதி?"

"பேர் வேணாம் அக்கா. இப்போ இங்கதான் வேலை பாக்கறாங்க."

ஸ்வெட்டரைத் திருப்பித் தரவில்லை. குளிரட்டும்.

மார்ச் 8, வெள்ளி

ஐந்து முடிந்தது! இன்றைக்கு மருந்துக் கவுண்டர் மெஷின்தான் பெரிய தலைவலி. அதில் ஓடும் பில் மென்பொருள் பழைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எண்ணைப் பார்த்தால்தான் எழுந்திருக்கும். உலகத்தில் ஒரு கார்டின் எண் இன்னொன்றுக்கு இருக்காது. அதைத்தான் சாவியாக வைத்திருக்கிறார்கள். மென்பொருளை எழுதிய கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.

யோசித்தேன். பழைய பெட்டியை அணைத்து ஓரங்கட்டிவிட்டு, அதன் கார்டு எண்ணை இந்தப் புதிய மெஷினுக்கு என் கையாலேயே தட்டிக் கொடுத்தேன். மென்பொருள் ஏமாந்து எழுந்தது. மருந்தாளர் அம்மா கை தட்டினார். நான் கொஞ்ச நேரம் தரையில் நடக்கவில்லை.

மார்ச் 9, சனி

காத்திருக்கும் கூடத்தில் நோயாளிகளுக்கு எண் காட்டும் டோக்கன் போர்டு மெஷின்தான் பாக்கி. புதிதாக எதற்குக் கட்ட வேண்டும்? நேற்று செய்த மருந்துக் கவுண்டர் மெஷினையே காப்பி எடுத்து, பெயரை மாற்றி, ஐ.பி. முகவரியை மாற்றி, தேவையில்லாததை அழித்து, டோக்கன் மென்பொருளைப் போட்டேன். அரை மணி நேரம். சமர்த்துடி நீ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கீழே லேபிள் அண்ணன் தரைத்தளத்துக் கேபிள்களெல்லாம் வந்து சேரும் புது நெட்வொர்க் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம்.

மார்ச் 11, திங்கள்

காலை எட்டரைக்கு டோக்கன் போர்டு ஓட ஆரம்பித்தது. எட்டு முப்பத்தைந்துக்கு மருந்துக் கவுண்டர் நின்றது. அப்புறம் ஓடியது. அப்புறம் நின்றது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தவர்கள் வாசல் வரை வரிசை. மருந்தாளர் அம்மா கையால் பில் எழுதினார், நடுநடுவே என்னை முறைத்தார்.

மார்ச் 12, செவ்வாய்

அதே கதை.

மார்ச் 13, புதன்

மீட்டிங். சனிக்கிழமை என்ன மாறியது என்று தம்பி கேட்டான். நான் வாயைத் திறந்து, "புது ஸ்விட்ச் வந்தது சார். மருந்துக் கவுண்டர் மெஷின் வெள்ளிக்கிழமை நல்லாத்தான் ஓடுச்சு" என்றேன். பொய்யில்லை. ஆனால் டோக்கன் மெஷினும் சனிக்கிழமைதான் வந்தது என்று ஏன் சொல்லவில்லை?

தம்பி எல்லோர் முன்னாலும் லேபிள் அண்ணனைக் கடிந்துகொண்டான். அவர், "நான் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் சார் மாட்டினேன்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. பழைய ஸ்விட்சைத் திரும்ப மாட்டிவிட்டு, இருபத்திரண்டு கேபிள்களின் முனையையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். முட்டி போட்டுக்கொண்டு. ஐம்பது வயசில்.

மார்ச் 14, வியாழன்

மதியம் மருந்துக் கவுண்டர் பக்கம் போனேன். கேபிள் மாற்றியும் காலையில் பழையபடி நின்று நின்று ஓடியிருக்கிறது. மருந்தாளர் அம்மா சொன்னார்: "உங்க மெஷினுக்கு நம்ம மேல என்ன கோபமோ. நாங்க சாப்பிடப் போற நேரத்துல மட்டும் ஜோரா ஓடுது."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணுலேருந்து ரெண்டு. அந்த நேரம் டோக்கன் கூட கிடையாதே, போர்டை அணைச்சுடறாங்கல்ல."

மேலே ஓடி இரண்டு மெஷின்களின் கார்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரே எண்.

அய்யோ. நான்தான். நானேதான் பண்ணித் தொலைச்சிருக்கேன். வழக்கமா காப்பி எடுத்தா புது எண் தானா வரும். இது நான் கையால கொடுத்த எண்ணாச்சே, அதை அப்படியே தூக்கிட்டு வந்திருக்கு. பெயரை மாத்தினேன், முகவரியை மாத்தினேன், இதை மறந்தேன். ஒரே எண்ணுல ரெண்டு பேர் நின்னா பாவம் பிரிட்ஜ் வர்ற தகவலை யார்கிட்டதான் கொடுக்கும்? இவளுக்கு வந்ததை அவளிடம், அவளுக்கு வந்ததை இவளிடம். நாலு நாளாய்!

டோக்கன் மெஷினுக்குப் புது எண் கொடுக்க இரண்டு நிமிஷம் ஆனது. இரண்டு மணிக்குப் போர்டு ஓடியது, மருந்துக் கவுண்டரும் ஓடியது. மாலை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

தம்பி லேபிள் அண்ணன் தோளைத் தட்டினான். "பாத்தீங்களா அண்ணே, கேபிளை மாத்தினது வீண் போகல, மதியத்துலேருந்து சரியாயிடுச்சு." அண்ணன் தலையாட்டினார். அது சம்மதமில்லை, களைப்பு. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை.

மார்ச் 14, மறுபடியும்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னால் வேலை போகுமா என்றார். போகலாம் என்றேன். சொல்லாவிட்டால் என்றார். "வேலை இருக்கும். தினமும் அந்த அண்ணன் முகத்துல முழிக்கணும்" என்றேன்.

அவர் தட்டுகளை எடுத்து அடுக்கினார். மகள்தான், "போன தடவை நீ வேலைக்குப் போனப்போ நான் ரெண்டாம் வகுப்பு. நீ ஆபீஸ் கதை சொன்னா சிரிச்சுக்கிட்டே சொல்லுவே. இந்த மூணு மாசமா அப்படித்தான் சொன்னே, இன்னைக்குத் தவிர" என்றாள்.

எனக்கு இந்த வேலை வேண்டும். ரொம்ப வேண்டும். அதுதான் பிரச்சினையே.

மார்ச் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மீட்டிங் ஆரம்பித்ததும் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, கால் தானாக எழுந்தது. எண் எப்படி இரட்டையானது, நான் எப்போது கண்டுபிடித்தேன், எப்போது வாய்மூடி நின்றேன், எல்லாம் சொன்னேன். "கேபிள்ல தப்பே இல்ல. ஸ்விட்ச்லயும் இல்ல. அண்ணனை முட்டி போட வெச்சது நான்."

தம்பி பேனாவை மூடித் திறந்து மூடினான். "நாலு நாள், அக்கா." எல்லோர் முன்னாலும் அக்கா என்றான். அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. பிறகு லேபிள் அண்ணனைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கண்ணே, நானும் கேக்காமப் பேசிட்டேன்" என்றான். என் பக்கம் திரும்பாமலே அடுத்த விஷயத்துக்குப் போனான்.

மார்ச் 18, திங்கள்

ஆபீசே என்னை அக்கா என்கிறது. மருந்தாளர் அம்மாகூட; அவருக்குப் பேரன் இருக்கிறான். ஒட்டிக்கொண்ட பெயர் இனிப் போகாது.

லேபிள் அண்ணன் மட்டும் பேசவில்லை. நல்ல நாளிலேயே நாலு வார்த்தைதான். இன்று அதுவும் இல்லை.

மார்ச் 20, புதன்

போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கருவிப் பெட்டியிலிருந்து மஞ்சள் லேபிள் சுருளை எடுத்தார். "உள்ள ஆறு மெஷின் இருக்குன்னீங்களே. அதுக்கெல்லாம் யார் லேபிள் ஒட்டினாங்க?"

"அதுங்க கண்ணுக்குத் தெரியாதேண்ணே, எங்க ஒட்டறது?"

"பெட்டி தெரியுதுல்ல?"

இருவரும் மேலே போனோம். நான் ஒவ்வொரு மெஷினின் பெயரையும் முகவரியையும் கார்டு எண்ணையும் வாசிக்க வாசிக்க, அவர் அந்த அழகான கையெழுத்தில் எழுதிச் சர்வரின் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு லேபிள் ஒட்டினார். "அன்னைக்கே இப்படி எழுதியிருந்தா, ரெண்டும் ஒண்ணா இருக்கறது கண்ணுல பட்டிருக்கும்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

மஞ்சள் சுருள் அதோடு தீர்ந்தது.

மார்ச் 26, செவ்வாய்

ஆறும் ஒழுங்காக ஓடுகின்றன. என்னைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

மார்ச் 29, வெள்ளி

கடைசி வேலை நாள். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வரவில்லை. தம்பி மத்தியானமே லீவில் போய்விட்டான், என் கண்ணில் படாமல். என் கோப்பையைக் கழுவித் துடைத்தேன். பைக்குள் வைத்தேன். பிறகு எடுத்து வெளியே வைத்தேன். அழவெல்லாம் இல்லை. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 1, திங்கள்

"இன்னைக்கு லெட்டர் வந்தாலும் நம்பாதே, தேதியைப் பாரு" என்று சொல்லி அனுப்பினாள் மகள்.

வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று போனால், என் மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. லேபிள் அண்ணன். என் கேபிளைக் கழற்றுகிறார் என்று நினைத்தேன். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நீங்க இங்கதான்னு சார் வெள்ளிக்கிழமையே சொல்லிட்டுத்தான் போனாரு. தலைமை டாக்டர் கையெழுத்துக்கு இன்னைக்குத்தான் லெட்டர் போகுதாம், அதுவரைக்கும் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. சுருள் வேற தீர்ந்து போச்சா, அதான் நானும் லேட்டு." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

குனிந்து பார்த்தேன். புதுக் கேபிள். புது மஞ்சள் லேபிள். அதே கையெழுத்து:

"அக்கா மேஜை. கழற்றக் கூடாது."

இன்றைக்கு என் பேனா நாலு தடவை கீழே விழுந்தது.