மெயின் சுவிட்சில் மஞ்சள் கயிறு

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். பூந்தமல்லி முழுக்கச் சேறு. ரேஷனுக்குப் போகவில்லை.

தபாலில் கம்பெனிக் கடிதம். வேலைநீக்கம். கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை நிறுத்தும் சென்சார், அதன் வயரைப் பிடுங்கியது நான்தானாம். அதனால்தான் லீவு முடிந்து வந்ததும் என்னோடு வேலை பார்க்கும் மலருக்கு இரண்டு விரல் போனதாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம், மெஷின் ஓடும்போதே நான் பிடுங்கியதை சூப்பர்வைசர் சேகர் பார்த்தானாம்.

பிடுங்கியவனே அவன். புரொடக்‌ஷன் ஏறவில்லை என்று. வேண்டாம் என்றவள் நான். யார் சொல்லிச் செய்கிறாய் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

பாவி. அவன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டு அண்டாவில்தான் பிரியாணி.

நவ. 4, செவ்வாய்

அம்பத்தூர் ஓ.டி., சங்க ஆபீஸ். தோழர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"வெளக்கம் கேட்டானுங்களா? விசாரணை வச்சானுங்களா?"

எதுவும் இல்லை.

"அப்ப இது செல்லாதும்மா. லேபர் ஆபீஸ்ல மனு குடுப்போம்."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கம்பெனியில் முந்தின நாளே, அன்றைக்குக் காலையிலேயே பூஜை முடித்து லீவு விட்டுவிடுவார்கள். கற்பூரம் காட்டி, மெயின் சுவிட்சை இறக்கி, மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். லீவு முடிந்து மறுபடி கற்பூரம் காட்டும்வரை யாரும் தொடுவதில்லை, முதலாளி உட்பட. இந்த வருடம் கட்டியது சேகர். எனக்கும் ஒரு பொட்டலம் பொரி கொடுத்தான்.

சாட்சிக்கு ஆள் இல்லாத மதியமாகப் பார்த்துப் பொய் சொன்னவன், கரண்டும் இல்லை என்பதை மறந்துவிட்டான்.

"வாயத் தொறக்காத. மொதல்ல அவன் எழுதிக் குடுக்கட்டும்" என்றார் தோழர். மூச்சு விட மாட்டேன்.

நவ. 18, செவ்வாய்

லேபர் ஆபீஸ். நல்ல வெயில். சேகர் புதுச் சட்டையில். அதிகாரி அம்மா கேட்கக் கேட்க அளந்தான்.

"மெஷின் ஓடிக்கினு இருந்துச்சி மேடம். என் கண்ணால பாத்தேன்."

எழுதிக் கையெழுத்தும் போட்டான். அப்புறம் தோழர் ஆரம்பித்தார்.

"பூஜை அன்னிக்கி மெயின்ல கயிறு கட்டுனது யாருப்பா?"

"நான்தான்."

"அவுத்தது?"

"லீவு முடிஞ்சி... நான்தான்."

"அப்ப நடுவுல மெஷின் எப்பிடி ஓடிச்சி?"

சேகர் பக்கத்தில் இருந்த கம்பெனி ஹெச்.ஆரைப் பார்த்தான். ஹெச்.ஆர். செல்போனைப் பார்த்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

பஸ்ஸிலிருந்தே மலருக்கு போன். "இன்னும் நல்லா நாலு கேட்டிருக்கணும்க்கா" என்றாள். சோறு இப்போது ஸ்பூனில்தான் சாப்பிடுகிறாளாம்.

நவ. 24, திங்கள்

மழை. ரசம், முட்டை.

மதியம் கதவு தட்டும் சத்தம். சேகர், தொப்பலாக. சென்சாரைப் பிடுங்கியது அவன்தான் என்று சொல்லி, சனிக்கிழமை அவனையும் வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

"விசாரணைகூட வெக்கலக்கா. ஊட்ல ரெண்டு புள்ளைங்க கீதுங்க. அந்தத் தோழர் நம்பர் குடேன்."

"நனையுறான், உள்ள கூப்டு" என்றார் வீட்டுக்காரர். கூப்பிடவில்லை.

வெள்ளைத்தாளும் பேனாவும் நீட்டினேன். "வயரப் புடுங்கச் சொன்னது யாருன்னு எழுதிக் கையெழுத்து போடு. அப்பால நம்பர்."

இதை எழுதும்போதும் வாசலில்தான் நிற்கிறான். ஒரு பெயர் எழுத இவ்வளவு நேரம். தாள் நனைந்து கிழிந்துவிட்டது.

இன்னொரு தாள் தருவேன். குடை தர மாட்டேன்.