பதினோராவது மாடி நோட்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வாய்தான் வடியவில்லை, காலையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வந்தே ஆகவேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில், "நகையைத் திருடியது நான்தான்" என்று நீ ஒத்துக்கொள்ளாதே.

போன வாரம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, "ஒத்துக்கோடா, உள்ள இருந்த நாளைக் கழிச்சு அன்னைக்கே விட்டுடுவாங்களாம்" என்று அழுதவள்தானே இவள் என்று நினைப்பாய். அவளேதான்.

புதன்கிழமை, உனக்கு அரசாங்கம் போட்டுக்கொடுத்த வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். கோர்ட் வராந்தாவில் நின்றபடியே பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "நீங்க செல்போன் கேஸா, நகை கேஸா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக என் தம்பி உள்ளே கிடக்கிறான், என்ன கேஸ் என்றே தெரியாதா என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கையில் நூற்று அறுபது கேஸ் இருக்கிறது, போய் விசாரிக்க ஒரு ஆள்கூடக் கிடையாது என்றார். அந்த நேரத்தில் நீ வேறு இடத்தில் இருந்தாய் என்று எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாளே, நீ வேலை பார்த்த அந்த அடுக்குமாடிக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. அதைச் சரிபார்க்கிறவன் உள்ளே இருந்தால் எப்படி ஓடும்? பதினோரு மாடியும் ஏறினேன், என் முழங்கால் இன்னும் உன்னைத் திட்டுகிறது. லிஃப்ட் மோட்டார் அறையில், நீ வந்துபோகும் நேரம் எழுதுகிற நோட்டு ஆணியில் தொங்கியது. திருட்டு நடந்த அதே தேதி. வந்தது இரண்டு நாற்பது, போனது ஐந்து பத்து. உன் கோழிக் கிறுக்கல், பக்கத்தில் கட்டடச் செயலாளரின் கையெழுத்து. திருட்டு நடந்ததோ மூன்றரைக்கு, ஊரின் மறுகோடியில். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நோட்டைப் படமெடுத்துப் போய்க் காட்டினேன். வக்கீலம்மா உன் ஃபைலைப் பிரித்தார். முதல் பக்க ஓரத்தில் அவர் கையாலேயே எழுதியிருந்தது: "லிஃப்ட் நோட்டு, பார்க்கணும்." முதல் நாளே நீ சொல்லியிருக்கிறாய். "என் தப்புதாம்மா" என்றார். அப்புறமும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ மறுத்தால், நோட்டை வரவழைத்து, செயலாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி முடிக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகுமாம். ஜாமீன் மறுபடி கேட்பாராம், கிடைக்குமென்று உறுதி இல்லையாம். ஒத்துக்கொண்டால் திங்கட்கிழமையே வீடு. ஆனால் திருடன் என்று பெயர் வாங்கியவனை எந்தக் கட்டடத்துக்குள் விடுவார்கள்? சொல்வது எனக்குச் சுலபம், உள்ளே படுப்பது நீ. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டாவது முறை வக்கீலம்மாவை நான் திட்டவில்லை. எந்த முகத்தோடு திட்டுவேன்? அந்த நோட்டைப் பற்றி முதல் நாளே என்னிடமும் சொன்னாயே. அவருக்கு நூற்று அறுபது பேர். எனக்கு நீ ஒருத்தன்.

நீதிபதி கேட்டால் தலை நிமிர்ந்து, "நான் செய்யலை" என்று சொல். அக்காவை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒத்துக்கொண்டு மட்டும் விடாதே. நன்றாக இருப்பாயடா.

இப்படிக்கு,
திங்கட்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கப்போகும்
உன் அக்கா