இடது முழங்கால்

அபிராமபுரம், சென்னை-18
3.3.1997

சிரஞ்சீவி குருவுக்கு ஜலஜா அக்காவின் ஆசீர்வாதம். கபாலீஸ்வரர் புண்ணியத்தில் நானும் உன் அத்திம்பேரும் சௌக்கியம். கல்கத்தாவில் நீயும் சீதாவும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

எட்டு மாதம் கழித்துத் தம்பிக்கு அக்கா ஞாபகம் வந்ததே என்று பூரித்துப்போய்க் கவரைப் பிரித்தால், முதல் வரியிலேயே கால்பந்து. பகலில் பாங்க், சாயங்காலம் பாகீரதி கிளப்பின் ஆட்டக்காரர் தேர்வுக் கமிட்டி! நீ உதைத்தால் பந்துக்கே சிரிப்பு வரும். உன்னைப் பிடித்துக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள் என்றால் அந்தக் கிளப்பின் லட்சணம் எனக்குப் புரிந்துவிட்டது.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் தினம் நாலு மணிக்குப் பயிற்சி செய்யும் கம்பெனி டீமில் சர்தார் என்று ஒரு ஃபார்வர்டு இருக்கிறானே, அவனை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிற எனக்கு அவனைத் தெரியாதா? பெயர்தான் சர்தார். தலைப்பாகையும் கிடையாது, தாடியும் கிடையாது. முடியை வெட்டிக்கொண்டுவிட்ட பஞ்சாபி போலிருக்கிறது. ஆட்டம் நன்றாகத்தான் ஆடுகிறான். இந்த சீசனில் பத்தொன்பது கோல். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் என் நோட்டு வேறு சொல்கிறது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், யார் எந்த ஆட்டத்தில் இறங்கினான், யார் பாதியில் வெளியே வந்தான் என்று எழுதி வைக்கிறேனே, அது. சிரிக்காதே. 95-ல் பிப்ரவரி 2 முதல் மார்ச் 2 வரை. 96-ல் ஜனவரி 23 முதல் பிப்ரவரி 20 வரை. இந்த வருஷம் ஜனவரி 11 முதல் பிப்ரவரி 9 வரை. இந்த நாட்களில் ஒன்றில்கூட சர்தார் முழு ஆட்டம் ஆடவில்லை. பாதியில் வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறான். பயிற்சியில் மற்றவர்கள் சுற்றிச் சுற்றி ஓடும்போது இவனுக்கு மட்டும் வேப்பமர நிழல். வருஷம் தவறாமல் ஒரு மாதம் படுத்துக்கொள்ளும் பழைய காயம் அது. மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டால் மூன்று மாதம் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். உங்கள் கிளப்பில் புத்தி உள்ளவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்.

சீதாவை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். உனக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அக்கா ஜலஜா

*

கல்கத்தா
12.3.1997

அன்புள்ள அக்காவுக்குக் குரு நமஸ்காரம் பண்ணி எழுதியது. நாங்கள் க்ஷேமம். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரம்.

மொட்டை மாடி நிபுணரின் அறிக்கை கிடைத்தது. வடாம் காய்ந்ததா என்று பார்க்கிற கண்ணாலேயே ஆட்டக்காரன் காலையும் சோதித்துவிட்டாயாக்கும்!

இங்கே நிலவரம் இதுதான். கமிட்டியில் தத்தா என்று ஒரு அதிகப்பிரசங்கி. அவன்தான் சர்தார் வேண்டும் என்று குதிக்கிறான். அந்தக் கம்பெனி இந்த மாதத்தோடு டீமைக் கலைக்கிறதாம். சர்தாருக்கு நிரந்தர வேலை கிடையாது. ஏப்ரல் பத்துக்குள் ஏதாவது ஒரு கிளப்பில் பெயரைப் பதிவு செய்யாவிட்டால் அடுத்த வருஷம் வரை அவனுக்கு ஆட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. வயசும் இருபத்தேழு ஆகிவிட்டது. அதனால் சொன்ன தொகைக்கு வருவான் என்கிறான் தத்தா. இன்னொரு கிளப்பும் அவன் மேல் கண் வைத்திருக்கிறது.

எனக்குத் தத்தாவின் வாயை அடைக்க வேண்டும். ‘பழைய காயம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் கமிட்டி சிரிக்கும். எந்தக் கால்? முழங்காலா, கணுக்காலா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் ஒழுங்காக சஹஸ்ரநாமத்தோடு நிறுத்திக்கொள்.

உன் தம்பி,
குருபிரசாத்

*

அபிராமபுரம்
19.3.1997

சிரஞ்சீவி குருவுக்கு ஆசீர்வாதம். அதையாவது ஒழுங்காகப் பெற்றுக்கொள்.

‘நிறுத்திக்கொள்’ என்று அக்காவுக்கு எழுத உனக்குக் கை வந்ததே! பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு நின்றவள்தான் நான். லெண்டிங் லைப்ரரியில் விதிப் புத்தகம் எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி ஆஃப்சைடு கற்றுக்கொண்டேன். பி.காம் படித்த உனக்கு அதை மூன்று தடவை சொல்லிக்கொடுத்ததும் நான்தான். மூன்றாவது தடவையும் உனக்குப் புரியவில்லை. புளியங்கொட்டைக்குப் புரிந்திருக்கும்.

எழுதிக்கொள். இடது முழங்கால்.

குனிந்து இரண்டு கையாலும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அந்த மாதத்தில் தண்ணீர் பாட்டில் வந்தால் வாங்க மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். வலியில் இருப்பவனுக்குத் தொண்டையில் என்ன இறங்கும்? ஆறு மணி அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் கேட்டை நோக்கி ஓடுவான். மாத்திரை வேளை போலிருக்கிறது. ‘முழங்கால் போனவன் எப்படி ஓடுவான்’ என்று உன் தத்தா கேட்டால், வலியே அறியாத ஜன்மங்கள் கேட்கிற கேள்வி அது என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் அக்கா,
ஜலஜா

*

கல்கத்தா
28.3.1997

அக்காவுக்கு சாஷ்டாங்க நமஸ்காரம்!

உன் இரண்டு கடிதத்திலும் சர்தாரைப் பற்றி இருந்ததை வரிக்கு வரி இங்கிலீஷில் பெயர்த்துக் கமிட்டியில் படித்தேன். ‘சென்னையில் மூன்று வருஷமாகக் கவனித்துவரும் நம்பகமான இடத்திலிருந்து’ என்றுதான் சொன்னேன். அந்த இடம் மொட்டை மாடி என்று சொல்லவில்லை. தேதிகளைப் படித்தபோது தத்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், வேகாத இட்லி! சர்தாரின் பெயரை அடித்தாகிவிட்டது. விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, அந்த இன்னொரு கிளப்பும் கையை விரித்துவிட்டது. கீறல் விழுந்த கண்ணாடியை யார் வாங்குவார்கள்?

அடுத்த மாதம் உதவிச் செயலாளர் தேர்தல். ஒன்பதாம் தேதி. எனக்குத்தான் என்கிறார்கள். சீதாகூட இப்போது கொஞ்சம் மரியாதையாகக் காப்பி கொடுக்கிறாள்.

உன் தம்பி,
குரு

*

அபிராமபுரம்
4.4.1997
ஸ்பீட் போஸ்ட்

குருவுக்கு,

நேற்று இரண்டு தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நீ கிளப்பில் இருக்கிறாய் என்று சீதா சொன்னாள். அதனால் இது. முழுக்கப் படி.

நேற்று சாயங்காலம் பந்து நம் மாடியில் வந்து விழுந்தது. வாங்கிப்போக அவர்களுடைய கோச் குலாம் ரசூல் வந்தார். அறுபது வயசிருக்கும். கதவைத் திறந்த என்னைப் பார்த்து, “இன்னா மாமி, மூஞ்சி வாடிக்கீது? ஒடம்பு சரியில்லியா?” என்றார்.

“ஏகாதசி. கார்த்தாலேருந்து பச்சத் தண்ணிகூட இல்லை” என்றேன்.

பந்தைக் கொடுத்துவிட்டு, பெரிய நிபுணி மாதிரி, “உங்க சர்தாருக்கு இடது முழங்கால் இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “உங்களாண்டயும் வந்துச்சா அந்தக் கத? கல்கத்தாலேர்ந்து ரெண்டு கிளப்பு கூப்ட்டுக்கினே இருந்துச்சு மாமி. இப்ப ரெண்டு பேரும் போனே எடுக்க மாட்டேன்றான். எவனோ ஒரு பேமானி அவுனுக்கு முட்டி போச்சுன்னு கொளுத்திப் போட்டுட்டான். அவுனுக்கு முட்டி கல்லு மாதிரி கீது.”

“அப்போ ஜனவரில ஏன் பாதி ஆட்டத்துல உட்கார்ந்தான்?” என்றேன். அப்போதுகூட விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, பார்.

மனிதர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“அது ரம்ஜான் மாசம் மாமி. நோன்பு. எச்சிகூட முழுங்க மாட்டான். நாந்தான் பாதில வெளிய இஸ்துக்குவேன். மயங்கி வுழுந்தா அவுங்கம்மா அன்வரி பேகத்துக்கு யாரு பதில் சொல்றது? ஆறு மணியாச்சுன்னா நோன்பு தொறக்க மசூதிக்கு ஓடுவான். இன்னிக்கு நீங்க கீறீங்களே, அதேதான். உங்களுக்கு ஒரு நாளு, அவுனுக்கு முப்பது நாளு.”

சர்தார் பஞ்சாபி இல்லை, குரு. ராயப்பேட்டைக்காரன். இங்கிருந்து இரண்டு பஸ் ஸ்டாப்.

உள்ளே வந்து நோட்டை எடுத்தேன். பிப்ரவரி 2. ஜனவரி 23. ஜனவரி 11. வருஷா வருஷம் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. காயம் தேதி பார்த்து நகருமா? பிறை பார்த்து நகருவது விரதம். பஞ்சாங்கத்தைப் பிரிக்காமல் விரல்விட்டுத் திதி சொல்கிறவள் என்று இந்தத் தெருவில் எனக்குப் பெயர். மாதம் இரண்டு தடவை நான் பட்டினி கிடந்துவிட்டு அதைப் பக்தி என்கிறேன். என் கண்ணெதிரே ஒருவன் முப்பது நாள் பட்டினியோடு பந்தாடியிருக்கிறான். நான் அதைக் காயம் என்று எழுதினேன். மூன்று வருஷம் மாடியிலிருந்து பார்த்தேனே தவிர, பதினெட்டுப் படி இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று. இடது முழங்கால் என்று நான் எழுதியது பொய். ஒரு நாள் அவன் குனிந்து அந்தக் காலில் ஸாக்ஸை இழுத்துவிட்டான், அவ்வளவுதான். நீ சஹஸ்ரநாமத்தை இழுத்தாயே, அந்த ஆத்திரத்தில் எழுதினேன்.

பெயர் பதிவுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கமிட்டியில் என் பெயரைச் சொல்லியே திருத்து. அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல். அந்த இன்னொரு கிளப்புக்கும் சொல். உன்னை நான் கேட்டு வாங்கியது இதுவரை ஒன்றும் இல்லை. இதைக் கேட்கிறேன்.

அக்கா

*

கல்கத்தா
11.4.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. தேர்தல் மும்முரத்தில் உடனே பதில் போட முடியவில்லை. ஜெயித்துவிட்டேன். தத்தாவுக்கு நாலே ஓட்டு.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். ‘எங்கள் அக்கா நோன்பை முழங்கால் என்று நினைத்துவிட்டாள்’ என்று தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் எழுந்து சொன்னால் என்னை அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார்கள். தவிரவும், ஒரு மாதம் ஒழுங்காக ஆடாதவன் முழங்காலால் ஆடாவிட்டால் என்ன, மதத்தால் ஆடாவிட்டால் என்ன? கிளப்புக்கு இரண்டும் ஒன்றுதான். கெடுவும் நேற்றோடு முடிந்தது. அவனுக்கு வேறு ஏதாவது கிடைக்கும். நீ இதற்குப் போய் ஸ்பீட் போஸ்ட் எல்லாம் அனுப்பாதே.

அந்த நோட்டை மட்டும் பத்திரமாக பார்சல் செய். வடபழனியில் ஒரு கோல்கீப்பர் இருக்கிறானாம், தோள்பட்டை சந்தேகம் என்கிறார்கள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுது. உனக்கும் பொழுது போகும்.

குருபிரசாத்
உதவிச் செயலாளர், பாகீரதி கிளப்

*

அபிராமபுரம்
20.4.1997

குருபிரசாத்துக்கு,

கையெழுத்துக்குக் கீழே பதவியைப் போட்டிருக்கிறாய். அக்காவுக்கு எழுதுகிற கடிதத்தில். நன்றாயிருக்கிறது.

ஒரு மாதம் ஒழுங்காக ஆடவில்லை என்று எழுதியிருந்தாய். நோட்டைப் பார்த்தேன். அந்த மூன்று நோன்பு மாதங்களிலும் பாதிப் பாதி ஆட்டம் ஆடியே சர்தார் எட்டு கோல் போட்டிருக்கிறான். உங்கள் கிளப்பின் ஃபார்வர்டுகள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு முழு ஆட்டம் ஆடி என்ன கிழித்தார்கள் என்பதும் பேப்பரில் வந்தது.

நேற்று முன்தினம் ஏகாதசி. பதினெட்டுப் படியும் இறங்கி மைதானத்துக்குப் போனேன். டீம் கலைந்துவிட்டது. சர்தாரும் குலாம் ரசூலும் மட்டும் பழக்கத்தில் வருகிறார்கள். காலி கோல் கம்பத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். பகலில் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பண்டல் தூக்குகிறானாம்.

“நீங்க சொன்னேளே, அந்தப் பேமானி நான்தான்” என்றேன்.

குலாம் ரசூல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்தார்தான் கேட்டான், “எந்த முட்டின்னு எழுதினீங்க மாமி?”

“இடது.”

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். “பத்தொம்பதுல பதிமூணு இந்தக் கால்லதான் போட்டேன்” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பந்தை எடுத்து வைத்து அடித்தான். வலது காலால்.

நீ கேட்ட நோட்டு வராது. மூன்று இடத்திலும் ‘காயம்’ என்பதை அடித்துவிட்டு ‘நோன்பு’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் குலாம் ரசூலிடம் கொடுத்துவிட்டேன். மூன்று சீசனில் நோன்பு நாள் தவிர அவன் ஒரு ஆட்டத்தில்கூடப் பாதியில் உட்காரவில்லை. அதற்கு அந்த நோட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. அடுத்த வருஷம் எவனாவது முழங்கால் என்று வாயைத் திறந்தால் அவர் அதைக் காட்டட்டும். ஒரு வருஷத்தை என்னால் திருப்பித் தர முடியாது. அது எனக்குத் தெரியும்.

உங்கள் கிளப் செயலாளருக்கும் அந்த இன்னொரு கிளப்புக்கும் நேற்று ரிஜிஸ்தர் தபால் அனுப்பியிருக்கிறேன். என் இங்கிலீஷில்தான், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. முழங்கால் பொய், சொன்னவள் நான், திருத்தச் சொல்லி நாலாம் தேதியே என் தம்பிக்கு எழுதினேன் என்று எழுதியிருக்கிறேன். உன் பதினொன்றாம் தேதிக் கடிதத்தின் ஜெராக்ஸையும் கூட வைத்திருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர் கல்கத்தாவில் அகப்படாமல் போகமாட்டார். தத்தா எப்படியும் தேடிப் பிடித்துவிடுவார்.

அடுத்த நோன்பு டிசம்பர் கடைசியில் பிறக்கிறது. விரல்விட்டு எண்ணிவிட்டேன்.

சீதாவுக்கு என் ஆசீர்வாதம்.

ஜலஜா