எட்டுப் பாகம் ஆழத்தில் ஜப்பான்

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றை இதில் எழுதப்போகிறேன் என்று கடலையும் கரையையும் சாட்சி வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீர் இருந்தால் இந்த வரியிலேயே சிரித்திருப்பீர்.

இன்று காலை ஆடு கட்டக் கயிறு வாங்கப் போனேன். கடைக்காரர் புதுக் கட்டைப் பிரித்ததும் தேங்காய் நார் வாசனை மூக்கில் ஏறியது. என்னை அறியாமல் "எட்டுப் பாகம்" என்றேன். "ஆட்டைக் கொழும்புக்கா மேய விடப் போறீரு, அண்ணாச்சி?" என்று கேட்டார். நீர் சங்கு குளிக்க இறங்கும்போது இரு கை விரித்து எட்டு முறை நான் அளந்து விடும் கயிற்றின் நீளம் அது. ஆடு மறந்துபோயிற்று. ஈரத்தோடு நீர் வந்து நின்றீர்.

ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்த வருஷம். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி மாடியில் ஞாயிறு மத்தியானம் தோழர்கள் பன்னிரண்டு பேர் கூடுவோம். கருத்து பதின்மூன்று இருக்கும். இரண்டு தேநீருக்கு நடுவே பூமண்டலத்தின் தலைவிதியைத் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவோம். உப்பளப் போராட்டத்தில் உம் அண்ணனின் காலைப் போலீஸ் தடி முறித்திருந்தது. அதனால் உமக்கு ஒரே கட்சி: "வெள்ளைக்காரனை எவன் அடிச்சாலும் அவன் நம்மாளுதான் மச்சான்." தன் ஊர்த் தொழிலாளியையே ஜெயிலில் அடைத்த ஜப்பான்காரன் நம் ஊர்த் தொழிலாளிக்கா விடுதலை தருவான் என்பது என் கட்சி. அப்படியானால் யுத்தம் முடியும்வரை வெள்ளைக்காரன் கப்பலுக்கு வாயை மூடிக்கொண்டு மூட்டை ஏற்றவேண்டுமா என்று கேட்டீர். நான் தேநீரை மிக நிதானமாகக் குடித்தேன்.

பிறகு என் பிரம்மாஸ்திரத்தை விட்டேன். நம் கரையில் கடலுக்குள் இறங்குகிறவன் கயிற்றைப் பெண் கொடுத்த மச்சான் கையில்தான் கொடுப்பான். தங்கை தாலி அறுக்கக்கூடாதே என்ற பயம் அவனுக்குத்தானே இருக்கும்? "ஜப்பான்காரன் நமக்குப் பொண்ணா குடுத்திருக்கான், கயித்த அவன் கையில குடுக்கதுக்கு?" என்றேன். அறையே சிரித்தது. நீர் சிரிக்கவில்லை. நான் போரில் வென்ற கொற்கைப் பாண்டியனைப்போல் கடற்கரை வழியே வீடு திரும்பினேன்.

மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோணி ஏறினீர். ஆனால் கயிற்றை என் கையில்தான் வைத்தீர். முதல் முங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது யுத்தம். மேலே வருவீர், சங்கைக் கொட்டுவீர், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு முங்கிவிடுவீர். நான் வாயைத் திறந்தால் எதிரே குமிழிதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அரை நாள் அடியில் இருந்தீர். ஒரு சுறா தலையைத் தூக்கி, "அவரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கு" என்றுகூடச் சொல்லிற்று.

கடைசியாக மூச்சை இழுக்கும் முன் கேட்டீர்: "உம்ம வெள்ளைக்காரன் மட்டும் நமக்குப் பொண்ணா குடுத்தான் மச்சான்?"

முங்கிவிட்டீர். நான் பதில் தேடினேன். தூக்கச் சொல்லி நீர் கீழிருந்து கயிற்றை இழுத்தது எனக்குத் தெரியவில்லை. ஆனை அளவு திருக்கை மீன் ஒன்று கயிற்றின்மேல் உட்கார்ந்துவிட்டது என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னேன். இரண்டாம் இழுப்புக்குத்தான் பதறித் தூக்கினேன். மூக்கில் ரத்தம் வடிய வந்தீர். தோணியை நடத்தும் தண்டல் என்னை அடிக்கக் கை ஓங்கினார். இருமலுக்கு நடுவே, "பாறையில மாட்டிக்கிட்டேன், அவரு என்ன செய்வாரு" என்றீர். என் தங்கையிடமும் அதையே சொன்னீர்.

கரையில் தனியாக இருக்கும்போது மட்டும் என் தோளில் கை போட்டுச் சொன்னீர்: "பொண்ணு குடுத்த நீரே கயித்த அயத்துட்டீரு. இனி எவன் கையில குடுத்தாலும் நாமதான் முழிச்சிருக்கணும் மச்சான்."

மறுநாள் காலையில் கயிற்றை மறுபடி என்னிடமே நீட்டினீர். நான் வாங்கத் தயங்கியதால் என் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டீர்.

மூன்று வருஷத்தில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோயிற்று. ஜப்பான்காரன் தோற்றான், வெள்ளைக்காரன் கப்பல் ஏறினான். மாடியில் இப்போது வேறு நாடுகளை வைத்து அதே சண்டை. இன்ன சர்க்காரை ஆதரிக்கிறோம் என்று தோழர்கள் கை தூக்கும்போது, அதன் அடியில் மூச்சடக்கிக் கிடப்பவன் யார் என்று கேட்கிறேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். கேட்பதை நிறுத்தவில்லை.

சுறா பேசியது பொய், மாப்பிள்ளை. நீர் அரை நாள் அடியில் இருந்ததும் பொய். திருக்கை பெரும்பொய். நீர் இழுத்தது தெரியவில்லை என்றேனே, அதுவும் பொய். இத்தனைக்கும் அடியில் ஒரு சின்ன மெய் கிடக்கிறது: உம் முதல் இழுப்பு என் கைக்கு வந்தது. பதில் அப்போதுதான் நாக்கு நுனிக்கு வந்திருந்தது. அதை முடித்துக்கொண்டு தூக்கலாம் என்று இருந்தேன்.