நான் தாண்ட வைத்த நிலைப்படி

என்னைத் தூக்கி வளர்த்து, என் மகளையும் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

நீ வளர்த்த என் அமுதாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனேன். சேர்க்காமல் திரும்பி வந்தோம். ஏன் என்று சொல்லப் போனால் அந்தக் காதுகுத்து நாளிலிருந்து தொடங்க வேண்டும். நீ உயிரோடு இருந்தவரை அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆடியில் பிறக்க வேண்டியவள் வைகாசியிலேயே பிறந்துவிட்டாள். திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குத் தூக்கி வந்தபோது, அவள் அம்மா எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். நீதான் பிள்ளையைப் பஞ்சில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினாய். நான் தையல்காரன். எந்த வயதுப் பிள்ளைக்கு எத்தனை அங்குலம் என்று பார்த்தாலே சொல்லிவிடுவேன். என் மகளுக்கு அளவெடுக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை.

"பொறந்த நாள்லேருந்து எண்ணாதீங்க, பொறக்க வேண்டிய நாள்லேருந்து எண்ணுங்க" என்று டாக்டரம்மா சொன்னதை நீ மட்டும்தான் காதில் வாங்கினாய். அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்தாய். தலை நின்றது, குப்புற விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் ஆடியிலிருந்து எண்ணி ஒரு கோடு. "சரியாத்தான்டா வரா, கொஞ்சம் மெதுவா வரா" என்பாய். எனக்கு அது கேட்கவே பிடிக்காது. என் சகலை மகன் அவள் பிறந்த அதே வாரத்தில் பிறந்தவன், இவள் தவழாதபோதே ஓடிக்கொண்டிருந்தான்.

அவளுடைய ஒரு வயதுக் காதுகுத்துக்கு உறவெல்லாம் வருகிறதென்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். முதலில் அடித்தது உன் கோடுகளின் மேல்தான். நீ அடுப்பு ஊதிக்கொண்டே பார்த்தாய். அன்றைக்கே நீ என்னை வைதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா?

தவழும் பிள்ளை முதல்முதலாக நிலைப்படி தாண்டினால் தேங்காய் உடைத்து எல்லாருக்கும் கொடுப்போமே, அதைச் சகலை வீட்டில் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். "ஒன் மவ இன்னும் தாண்டலியா மாப்ள?" என்று யாரோ கேட்டார்கள். நான் அமுதாவைத் தூக்கிப் போய் நிலைப்படியில் கவிழ்த்து, அக்குளில் கைகொடுத்து, அந்தப் பக்கம் தள்ளினேன். அவள் வீல் என்று அழுதாள். நான் தேங்காயை உடைத்தேன்.

தாலி இழந்தவள் என்று உன்னை அன்று முன்னால் வர வேண்டாம் என்றவனும் நான்தான். அமுதாவுக்கு உயிர் கொடுத்த நீ அடுப்படிக்குள் நின்றாய். உனக்கு ஒரு சில்லுத் தேங்காய் கொண்டுவந்தேன். "அவ தாண்டலடா தம்பி. நீ தாண்ட வச்ச. எனக்கு வேணாம்" என்றாய்.

அதற்குப் பிறகு, வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்க வரும் நர்சம்மா வந்து, "புள்ள தவழுதா?" என்று கேட்டார்கள். "நெலப்படியே தாண்டிடுச்சுங்க" என்றேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், வேறு சொல்ல முடியவில்லை. அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டு, பிள்ளையின் காலைப் பார்க்காமலே போய்விட்டார்கள். அடுத்த மாதம் நீ மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தாய். அமுதா நடந்தபோதுதான் இடது குதிகால் தரையில் படவில்லை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில், "முன்னாடியே ஏன் காட்டல?" என்று கேட்டார்கள். இப்போது தினமும் எண்ணெய் தடவிக் காலை நீவிவிடுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது.

பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்களே, அதற்காக ஒரு மாதமாக அவள் கையை இழுத்து இழுத்துப் பழக்கினேன். பட்டும் புத்தி வரவில்லை பார். பெரிய வாத்தியார் முன்னால் அவள் கையைப் போட்டாள். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நீ இழுத்து வுடு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நிலைப்படியில் அவள் அழுத அழுகை என் காதில் கேட்டது, அக்கா.

"வேணாம்மா, கைய எடு" என்றேன். "கொறமாசத்துல பொறந்த புள்ள சார். எங்க அக்கா கணக்குப்படி ஆடியிலதான் அஞ்சு நெறையுது." ஐந்து வருஷத்தில் இதை நான் வெளியில் சொன்னது அன்றைக்குத்தான். "அதனாலென்ன, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று வாத்தியார் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் இத்தனை நாள் மறைத்தது இவ்வளவுதானா?

வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரில் ஆடியிலிருந்து எண்ணிப் புதுக்கோடு போட்டிருக்கிறேன். அவள் விரல் காதைத் தானாகத் தொடும்வரை அந்தக் கையை இழுக்க மாட்டேன். தொடுகிற அன்றைக்குத் தேங்காய் உடைத்து முதல் சில்லை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். அதையாவது எடுத்துக்கொள்.

உன் கோடுகளை அழித்த தம்பி,
சின்னதுரை