மூன்றாம் நிலை ஊர்

செவ்வாய்க்கிழமை, இரவு

படுத்தும் தூக்கம் வரவில்லை. கோபம் அடங்கினால்தானே.

இன்று திருவண்ணாமலையில் மாவட்டத் திட்ட வரைவுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். சுற்றுக் கிராமங்களுக்கு எந்த ஊர் எவ்வளவு பயன்படுகிறது என்று பார்த்து ஊர்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். திருவண்ணாமலை முதல் நிலை, எங்கள் ஊர் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலை ஊருக்குப் பிரசவ ஆபரேஷன் வசதி வேண்டியதில்லையாம். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பேன்? எழுந்தேன்.

போன பௌர்ணமியன்று பிரசவ வலி வந்த எங்கள் ஊர் ஷாஹினை ஆம்புலன்ஸில் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனதைச் சொன்னேன். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. அழவில்லை. நான்தான் வாயில் வாய் வைத்து ஊதினேன்.

திட்டம் போட்ட அதிகாரி சிரித்தார். "அதான் கொழந்த நல்லா இருக்குதே, சிஸ்டர்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஷாஹின் எழுந்து கேட்டாள்: "உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா அந்த வண்டியில ஏத்துவீங்களா சார்?"

அவர் தண்ணீர் குடித்தார். "சரிம்மா, அடுத்தவங்க பேசலாம்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷாஹின் கேட்டாள்: "சிஸ்டர், நான் சொன்னத எழுதிக்கினாங்களா?"

"எழுதிக்கினாங்கம்மா" என்றேன்.

அந்த ஆள் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.