நைனாவின் மூளையில் ஏறிய துரு

என் முரட்டு நைனாவுக்கு,

நாளை உன் முதல் வருஷ திதி. இன்று காலை உன் படத்தைச் சுவரில் மாட்டினேன். அம்மா அதைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். கண்ணாடி வீடெங்கும் சிதறியது. ஒரு சில்லு என் காலில் ஏறியது. இடது கையால்தான் அடித்தாள். வலது கை இப்போதும் தோளுக்கு மேலே எழுவதில்லை. அது நீ உடைத்த தோள்.

உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

துறைமுகத்தில் கப்பல்களின் துருவைத் தட்டி எடுத்தவன் நீ. கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, முதலில் விரல் முட்டியால் தகட்டைத் தட்டுவாய். காதை வைத்துக் கேட்பாய். சத்தம் சரியில்லாத இடத்தில் சுத்தியலை முழு வேகத்தில் இறக்குவாய். ஓட்டை விழுந்தால்தான் தகட்டை மாற்றுவார்கள் என்பாய். திருவொற்றியூர் வீட்டுக்கு நீ வந்து சேரும்போது தலைமுடியிலிருந்து செந்தூள் உதிரும்.

நீ வேலையை விட்டு வெகுநாள் கழித்து, ஒரு நாள் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நீ பழைய சுத்தியலோடு பின்னால் போய் அவள் தோளை விரல் முட்டியால் தட்டினாய். காதை வைத்தாய். அவள் சிரித்தாள்.

"இன்னாய்யா, இந்த வயசுல கொஞ்சலா?"

சுத்தியல் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் முன்னறையில் இருந்த எனக்குக் கேட்டது. மீன் ரத்தத்தோடு அவள் ரத்தமும் ஓடியது. நீ மறுபடி ஓங்கினாய். குறுக்கே விழுந்த என் கழுத்தை நெரித்தாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னைக் கயிற்றால் கட்டினார்கள்.

"வுடுங்கடா, கப்பல் முயுகிடும்டா!" என்று கத்திக்கொண்டே இருந்தாய்.

உயிர் வாழ நாம் இழுக்கும் ஆக்சிஜனே உடம்புக்குள் அரிக்கும் கழிவுகளையும் விடுகிறது என்றார் ஆஸ்பத்திரியில் உன்னைச் சோதித்த டாக்டர். வயதாக ஆக அவற்றை அடக்கும் சக்தி குறைகிறது. நிறைய ஆக்சிஜன் குடிக்கும் மூளைக்கு அடி அதிகம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். உனக்கு வந்திருந்த மறதி நோய்க்கு அது மட்டுமே காரணமில்லை, அதுவும் ஒன்று. இரும்பு துருப்பிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான் என்றார்.

வெளியே வந்து சுவரைக் குத்தினேன். ஆயுசு முழுக்க நீ அடித்த துரு உன்னைத் திருப்பி அடித்ததா? நீ சுவாசித்த தூளும் மணலி ஆலைப் புகையும் அதில் எவ்வளவு? யாரைக் கேட்பது?

இன்று சில்லுகளைப் பொறுக்கியபடி அம்மாவிடம் பேசினேன்.

"நைனா உன்ன அடிக்கலம்மா. கப்பலத்தான் அடிச்சிது."

"அதுக்கு நான் இன்னா கப்பலா?"

"அது வியாதிம்மா."

"எனக்குத் தெரியாதாடி? ஒத்தக் கையாலயே குளிப்பாட்னேன். பீ அள்ளுனேன். கடைசி வரிக்கும் சோறு ஊட்னேன். வியாதிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டேன். அந்த மூஞ்ச செவுத்துல வேற பாத்துகினே இருக்கணுமா? கண்ண மூட்னா சுத்தியலு இறங்குதுடி."

நீ குற்றவாளி இல்லை, நைனா. அவள் தோள் உடைந்ததும் பொய்யில்லை. இதில் எதை வைத்து எதை அழிப்பது?

நாளை எள்ளும் தண்ணீரும் கடலில் விடுவேன். படம் என் துணிகளுக்கு அடியில் இருக்கும். அம்மா உயிரோடு இருக்கும்வரை அது இந்த வீட்டுச் சுவரில் ஏறாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

கோபம் வந்தால் கனவில் வந்து என்னை அடி. அவள் கனவுக்குப் போகாதே.

அம்மாவின் பக்கம் நிற்கும் உன் மகள்,
தேவி